எரிவாயுக் குழாய்வலையும் சமூக ஆற்றல் அமைப்புகளும்: உச்சத் தேவையை யார் சுமப்பது?

#1 வெயிலோன்

அனைவருக்கும் வணக்கம். சமூக ஆற்றல் அமைப்புகளுக்கான திட்ட அறிக்கைகளைச் சில காலமாகப் படித்தும், இரண்டொன்றை எழுதியும் வருகிறேன். கூரைகளில் சூரியத் தகடுகள், பொதுவான மின்கலம், வீடுகளை இணைக்கும் வெந்நீர்க் குழாய்கள், எரிவாயுவில் ஓடி மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருசேரத் தரும் எந்திரம், இப்போது அதனிடத்தை மெல்லப் பிடித்துவரும் வெப்பப் பம்ப் (வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவி) ஆகியவை ஏறக்குறைய எல்லா அறிக்கைகளிலும் இருக்கின்றன. மின்மாற்றி தாங்குமா, நண்பகலில் மின்னழுத்தம் உயருமா என்று மின்வலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக ஆராயும் இந்த அறிக்கைகள், எரிவாயுவுக்கு வரும்போது "தேவைப்படும் வாயு பொதுக் குழாயிலிருந்து பெறப்படும்" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. குழாய்வலை வற்றாத கிணறு என்பது போன்ற எண்ணம் அதில் தெரிகிறது. என் அறிக்கைகளும் இதற்கு விலக்கல்ல.

ஒரு சமூக அமைப்பு தன் எல்லைக்குள் செய்துகொள்ளும் மாற்றம் குழாய்வலையை உண்மையில் எங்கே தொடுகிறது? குழாய்வலையில் நேரும் மாற்றம் அந்த அமைப்பை எவ்வாறு திருப்பித் தாக்குகிறது? இத்துறையில் உழைத்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

#2 குழாய்வழி

நண்பர் வெயிலோன் அவர்களுக்கு வணக்கம். விநியோகக் குழாய்களின் அழுத்தத்தைக் கணிக்கும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எரிவாயு வலையில் கையிருப்பு இருக்கிறது என்ற பொதுவான எண்ணம் பாதிதான் உண்மை. பெருவழிக் குழாய்களில் வாயு பல பத்து பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) செல்வதால், அழுத்தத்தைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் சில மணி நேரத் தேவையைக் குழாய்க்குள்ளேயே தேக்கிவைக்க முடியும். அழுத்தக் குறைப்பு நிலையத்தைத் தாண்டித் தெருக்களுக்குள் வரும் குழாய்களில் அழுத்தம் சில பத்து மில்லிபார் மட்டுமே என்பதால், அங்கே தேக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அந்த நொடியில் எடுக்கப்படும் வாயு அந்த நொடியிலேயே வந்தாக வேண்டும். வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையைத் திறந்தால் கடைமடைக்காரருக்கு நீர் இறங்குவதுபோல, நடுவில் ஒரு பெரிய நுகர்வோர் சேர்ந்தால் குழாயின் கடைசி வீட்டில்தான் அழுத்தம் முதலில் விழும். சமூக அமைப்புகள் இணைவது பெரும்பாலும் இந்தத் தாழ் அழுத்தப் பகுதியில்தான்.

இனி நீங்கள் சொன்ன, மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருசேரத் தரும் கூட்டு எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல கொதிகலன் வாயுவின் ஆற்றலில் சுமார் 90 சதவீதத்தை வெப்பமாகத் தருகிறது. கூட்டு எந்திரத்தில் சுமார் 45 சதவீதம் வெப்பமாகவும், 35 முதல் 40 சதவீதம் வரை மின்சாரமாகவும் கிடைக்கின்றன. ஆகவே அதே வெப்பத்தை எந்திரத்திலிருந்து பெற ஏறத்தாழ இரு மடங்கு வாயு அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும். எங்கோ ஓரிடத்தில் உள்ள மின் நிலையத்தில் வாயு மிச்சமாகலாம். நாட்டின் கணக்கில் அது இலாபம். ஆனால் தெருக் குழாய்க்கு நாட்டின் கணக்கு தெரியாது. தனக்கு வந்த கூடுதல் சுமை மட்டுமே தெரியும்.

இதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஆயிரம் வீடுகளின் கொதிகலன்கள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிவதில்லை. ஒருவர் குளிக்கும்போது மற்றவர் வெளியே இருப்பார். இந்தச் சிதறலை நம்பித்தான் குழாயின் விட்டமே முடிவு செய்யப்படுகிறது. மின்விலை ஏறும் நேரத்தில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட எந்திரங்கள், காற்றாலைகள் ஓய்ந்த ஒரு மாலையில் ஒரே விலைக் குறிப்பைப் பார்த்து எல்லா இடங்களிலும் ஒன்றாகத் தொடங்கிவிடும். அப்போது சிதறல் என்ற காப்பு இல்லாமல் போகிறது. பல நாடுகளின் சந்தைகளில் மின்சாரக் கணக்கு 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு முறை நேர் செய்யப்படுகிறது. எரிவாயுக் கணக்கு ஒரு முழு நாளுக்கானது. நாள் முடிவில் வரவும் செலவும் சரியாக இருந்தாலும், மாலை ஆறு மணிக்குக் கடைமடையில் அழுத்தம் இல்லையென்றால் அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை.

#3 ஊர்க்கூட்டு

குழாய்வழி ஐயாவின் விளக்கம் தெளிவாக உள்ளது. எனினும் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். கூட்டுறவு அமைப்புகளுக்கு ஆலோசனை கூறும் பணியில் நான் காண்பது வேறு. இப்போது திட்டமிடப்படும் அமைப்புகளில் பல எரிவாயுவைக் கூட்டுவதற்காக அல்ல, குறைப்பதற்காகவே உருவாகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும் பம்ப் வந்த பிறகு, கூட்டு எந்திரத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுவது பழைய கதையாகிறது. வாயுப் பயன்பாடு குறைந்தால் குழாய்க்கு ஓய்வுதானே? அதன்பிறகும் "உச்சத் தேவை, உச்சத் தேவை" என்று வலை நிறுவனங்கள் கட்டணம் கேட்பது, தங்கள் பழைய முதலீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது.

#4 கணக்காயன்

ஊர்க்கூட்டு அவர்களின் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் "குறைந்தால் ஓய்வு" என்ற இடத்தில்தான் கணக்கு வழுக்குகிறது. ஒரு கற்பனைக் குடியிருப்பை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

500 வீடுகள். வீட்டுக்கு ஆண்டுக்கு 12,000 யூனிட் (கிலோவாட் மணி) ஆற்றல் தரும் அளவுக்கு வாயு, ஆக மொத்தம் 60 லட்சம் யூனிட். மிகக் குளிரான ஒரு மணி நேரத்தில், சிதறலைக் கழித்த பின், வீட்டுக்கு 6 கிலோவாட் என்று கொண்டால் உச்சத் தேவை 3 மெகாவாட். இப்போது எல்லா வீடுகளிலும் பழைய கொதிகலனை அப்படியே விட்டுவைத்து, அதனுடன் வெப்பப் பம்பைப் பொருத்துகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி பம்ப் ஓடுகிறது. கடுங்குளிர் நாட்களில் மட்டும் கொதிகலன் எரிகிறது. வாயுப் பயன்பாடு 80 சதவீதம் குறைந்து 12 லட்சம் யூனிட்டுக்கு வந்துவிடுகிறது. பாராட்டத்தக்க சாதனைதான். ஆனால் அந்தக் கடுங்குளிர் மணி நேரத்தில் 500 கொதிகலன்களும் எரிவதால் உச்சத் தேவை அதே 3 மெகாவாட். குழாயின் விட்டத்தையோ, அழுத்தக் குறைப்பு நிலையத்தையோ, கசிவு தேடும் பணியாளரையோ குறைக்க வழியில்லை. வலையின் செலவு பெரும்பாலும் நிலையான செலவு. அதை எரித்த யூனிட்டின் மேல் வசூலித்தால் ஒரு யூனிட்டின் வலைக்கட்டணம் ஐந்து மடங்காக வேண்டும்.

பம்ப் பொருத்த வசதியுள்ள 300 வீடுகள் முழுமையாகவே வெளியேறினால் எஞ்சிய 200 வீடுகள் முழுக் குழாயின் செலவையும் சுமக்கின்றன. கட்டணம் ஏறும், ஏறுவதைக் கண்டு மேலும் சிலர் வெளியேறுவார்கள். கடைசியில் நிற்பவர்கள் வாடகை வீட்டில் இருப்பவர்களும் முதலீட்டுக்குப் பணம் இல்லாதவர்களும்தான். சமூக அமைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் இருக்கும் சமூகத்தின் தலையில் செலவை இறக்கிவைப்பது சரியா என்பதே என் கேள்வி.

கடுங்குளிர் நாளில் மின்வலைக்கு அந்தக் கொதிகலன்கள் பெரும் உதவி செய்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். புதிய மின்மாற்றிகளும் கம்பிவடங்களும் மிச்சமாகின்றன. பயன் மின்வலைக்கு, செலவு எரிவாயு வலைக்கு. இரண்டு வலைகளும் இரண்டு நிறுவனங்கள், இரண்டு கட்டணப் பட்டியல்கள் என்று இருக்கும் வரை இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

#5 மின்வலையாள்

கணக்காயன் சொன்ன அந்த உதவி இரு பக்கமும் செல்வது. அறுந்தால் இரு பக்கமும் அறுவது. "எங்கள் அமைப்பு தற்சார்பு கொண்டது, மின்தடை வந்தாலும் விளக்கு எரியும்" என்று விளம்பரம் செய்யும் திட்டங்களில், அந்த நம்பிக்கை ஒரு எரிவாயுக் குழாயின் மீது நிற்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

நற்சான்றுகள் உண்டு. 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலுள்ள கோ-ஆப் சிட்டி குடியிருப்பு, தன் 40 மெகாவாட் கூட்டு நிலையத்தைக் கொண்டு பல்லாயிரம் குடியிருப்பாளர்களுக்கு மின்சாரமும் வெப்பமும் தந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வளாகமும் அவ்வாறே தப்பியது. புதைகுழாய்களைப் புயல்காற்று தொடாததே அதற்குக் காரணம்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் ஜப்பானின் செண்டாய் நகரம் இன்னும் நல்ல பாடம் தருகிறது. அங்கு தொஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த குறுமின்வலையின் (பொது மின்வலையிலிருந்து பிரிந்தும் இயங்கக்கூடிய சிறு மின்வலை) எரிவாயு எந்திரங்கள் முதலில் நின்றுபோயின. இன்றியமையாத சில இணைப்புகளை மின்கலமும் சூரியத் தகடுகளும் தாங்கின. எந்திரங்கள் மறுநாள் மீண்டும் ஓடத் தொடங்கி மருத்துவமனைக்கு மின்சாரமும் வெப்பமும் அளித்தன. நகரின் துறைமுகத்திலிருந்த திரவ இயற்கை எரிவாயு இறக்குமதி முனையத்தை ஆழிப்பேரலை சிதைத்த பின்னும் இது நடந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. எந்திரங்களுக்கு வாயு தந்தது நிலநடுக்கத்தைத் தாங்கும் நடுத்தர அழுத்தக் குழாய். மேலும் தீவின் மறுகரையிலுள்ள நீகாட்டாவிலிருந்து வரும் மற்றொரு குழாய்வழி உடையாமல் இருந்தது. தெருவின் தாழ் அழுத்தக் குழாயில் இணைந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்.

எதிர்ச்சான்று 2021 பிப்ரவரியில் டெக்சாஸ். கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளும் பதப்படுத்தும் நிலையங்களும் உறைந்தன. மின்சாரம் போதாமல் சுழற்சி முறையில் வெட்டத் தொடங்கியபோது, வாயுவைத் தள்ளும் நிலையங்களுக்கான மின்சாரமும் சேர்த்து வெட்டப்பட்டது. அவற்றில் பல, மின்வெட்டிலிருந்து விலக்கு பெற வேண்டிய இடங்களாகப் பதிவு செய்யப்படவே இல்லை. வாயு குறைய மின் நிலையங்கள் நின்றன, மின் நிலையங்கள் நிற்க வாயு மேலும் குறைந்தது. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் உயிரிழந்தனர். ஒரு கிராமத்தின் சமூக அமைப்பு இந்தச் சுழலில் சிறு துளிதான். ஆனால் தன் வாயு வந்து சேரும் வழியில் மின்சாரத்தை நம்பியிருக்கும் கம்ப்ரசர் எத்தனை என்று ஒருமுறையாவது அது கேட்டறிந்திருக்க வேண்டும்.

#6 ஊர்க்கூட்டு

கணக்காயனின் கணக்கை ஏற்கிறேன். கொதிகலனை அப்படியே விட்டுவைக்கும் திட்டங்களைப் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் இதுவரை குழாயிலிருந்து எடுப்பதைப் பற்றி மட்டுமே பேசினோம். சமூக அமைப்புகள் குழாய்க்குள் வாயுவைச் செலுத்தவும் செய்கின்றன.

சாணம், வைக்கோல், உணவுக் கழிவு ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உயிரி வாயுவில் மீத்தேன் 50 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். அதை அங்கேயே எரிக்கலாம். ஜெர்மனியின் யூந்தே கிராமம் 2005-இல் அவ்வாறு தொடங்கியதுதான். உயிரி வாயு எந்திரத்தின் வெப்பத்தைக் குழாய்கள் வழியாகப் பெரும்பாலான வீடுகளுக்குக் கொண்டுசென்றார்கள். ஆனால் கோடையில் அந்த வெப்பத்துக்கு வேலையில்லை. மாறாக, கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து பயோமீத்தேனாகத் தூய்மை செய்து பொதுக் குழாயில் விட்டால், எங்கோ ஒருவருக்கு எப்போதாவது பயன்படும். டென்மார்க்கில் 2023 அளவில் நாடு பயன்படுத்தும் வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இவ்வகையானது. குழாய்வலையைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

#7 குழாய்வழி

வேண்டும் என்றுதான் சொல்வேன். ஏனெனில் இங்கும் ஆண்டுக் கணக்கு ஏமாற்றுகிறது. இந்த முறை குளிர்கால உச்சம் அல்ல, கோடை இரவின் அடிமட்டம்.

சாணத்தைச் செரிக்கும் கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். வாயு ஒரே அளவில் வந்துகொண்டே இருக்கும். அதை ஏற்கும் விநியோகக் குழாயிலோ, கோடை நள்ளிரவில் வெந்நீருக்கும் சமையலுக்கும் கூட ஆள் இல்லை. குழாயில் தேக்கமில்லை என்று முன்பே கூறினேன். ஆகவே அந்த நேரத்தின் தேவை எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே செல்ல முடியும். மிகுந்ததை நிலையத்திலேயே எரித்துத் தீர்க்க வேண்டும், அல்லது சேமிக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்பு கூட்டாக வெப்பப் பம்புக்கு மாறினால் அந்த அடிமட்டம் இன்னும் இறங்குகிறது. ஒரு கூட்டுறவின் நல்ல முடிவு மற்றொரு கூட்டுறவின் வருவாயைக் குழாய் வழியாகவே வெட்டிவிடுகிறது. இருவரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

இதற்குத் தீர்வுகள் இருக்கின்றன. அடுத்தடுத்த இரு சிறு வலைகளை இணைத்துத் தேவையை அகலப்படுத்தலாம்; தொடக்கத்திலேயே உயர் அழுத்தக் குழாயில் செலுத்தலாம்; அல்லது வாயுவைக் கீழிருந்து மேலுள்ள பெருவழிக் குழாய்க்குத் தள்ளும் எதிர்வழி கம்ப்ரசர்களை நிறுவலாம். பிரான்சில் 2019 முதல் இவ்வகை நிலையங்கள் இயங்கிவருகின்றன. மலையிலிருந்து கடலுக்கு என்று ஒரே திசையில் ஓடும்படி கட்டிய ஆற்றைத் திருப்பி ஏற்றும் வேலை இது. செலவும் உண்டு, கம்ப்ரசருக்கு மின்சாரமும் வேண்டும்.

வாயுவின் தரமும் ஒரு சிக்கல். மீட்டர் அளப்பது கன அளவை. நுகர்வோர் விலை கொடுப்பது ஆற்றலுக்கு. இயற்கை வாயுவில் ஈத்தேன், புரோப்பேன் போன்றவையும் கலந்திருப்பதால் அதன் வெப்ப மதிப்பு தூய மீத்தேனைவிடச் சற்று அதிகம். பில் கணக்கு ஒத்துப்போவதற்காக, பிரிட்டனில் பயோமீத்தேனுடன் புரோப்பேனைக் கலந்து செலுத்தும் வழக்கம் வந்தது. பசுமை வாயுவுக்குப் புதைபடிவ வாயுவைத் துணை சேர்க்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து நாங்கள் சிரிக்காத நாளில்லை.

ஹைட்ரஜனுக்கு வந்தால் இந்தச் சிக்கல் பல மடங்கு. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனின் ஆற்றல் இயற்கை வாயுவில் மூன்றில் ஒரு பங்குதான். இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தின் தனிக் குழாய்வலையில் 2019 முதல் 2021 வரை, 100 வீடுகளுக்கும் 30 வளாகக் கட்டடங்களுக்கும் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்த வாயு தரப்பட்டது. அடுப்புகளையும் கொதிகலன்களையும் மாற்றத் தேவை ஏற்படவில்லை. ஆனால் கன அளவில் 20 சதவீதம் என்பது ஆற்றலில் சுமார் 7 சதவீதமே. நண்பகல் சூரிய மின்சாரம் மிஞ்சும்போது மட்டும் ஒரு சமூக அமைப்பு ஹைட்ரஜன் தயாரித்துச் செலுத்தினால், கலவையின் அளவு மணிக்கு மணி மாறும். அதே குழாயில் கீழே ஓடிக்கொண்டிருக்கும் மற்றொரு குடியிருப்பின் எந்திரத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வு ஆகாது. எரியும் வேகம் மாறி எந்திரம் தட்டத் தொடங்கும்.

#8 நெறியாளர்

இங்கிலாந்தின் விட்பி பகுதியில் வீடுகளுக்கு இயற்கை வாயுவுக்குப் பதிலாக ஹைட்ரஜன் தரும் திட்டம் 2023 ஜூலையில் கைவிடப்பட்டதைக் குறித்து மூன்று பதிவுகள் வந்தன. குடியிருப்போரின் இசைவு பற்றிய அவ்விவாதம் தனியே நடக்கத் தகுந்தது என்பதால் வேறு இழைக்கு மாற்றியுள்ளேன். இங்கே குழாய்வலைக்கும் சமூக அமைப்புக்கும் இடையிலான தாக்கத்தை மட்டும் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#9 கணக்காயன்

நெறியாளர் மாற்றிய பதிவுகளில் ஒன்று என்னுடையது, மறுப்பில்லை. ஆனால் இசைவு என்ற பொருள் இந்த இழைக்கும் உரியதுதான் என்பதைக் குழாயின் அமைப்பே காட்டுகிறது.

ஒரு தெருவில் 40 வீடுகளில் 39 வீடுகள் வெளியேறிவிட்டாலும், கடைசி வீட்டுக்காக முழுக் குழாயும் அழுத்தத்தோடு இருந்தாக வேண்டும். தனித்தனியாகச் சிதறி வெளியேறுவது வலைக்கு மிக மோசமான நிலை. மாறாக, கடைமடையிலிருந்து தொடங்கித் தெரு தெருவாக, எல்லோரும் ஒன்றாக வெளியேறினால் அந்தக் குழாயை மூடிவிடலாம்; புதுப்பிக்கும் செலவும் பராமரிப்பும் உண்மையாகவே மிச்சமாகும். தனி வீட்டால் இது முடியாது. சமூக அமைப்பால் முடியும். நான் முன்னே வைத்த குற்றச்சாட்டுக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது.

சூரிக் நகரின் வடபகுதியில் 2021 முதல் படிப்படியாக எரிவாயுவை நிறுத்தி, அந்த இடத்தைத் தொலைவெப்பக் குழாய்களுக்கு (பொது நிலையத்திலிருந்து வீடுகளுக்கு வெப்பம் கொண்டுவரும் குழாய்கள்) கொடுத்தார்கள். மசாசூசெட்ஸின் ஃபிரேமிங்ஹாமில் 2024-இல் ஒரு எரிவாயு விநியோக நிறுவனமே, வாயுவுக்குப் பதிலாக நீரோட்டமுள்ள குழாய்களைப் புதைத்து, நிலத்தின் வெப்பத்தைச் சுமார் 36 கட்டடங்கள் பகிர்ந்துகொள்ளும் அமைப்பைத் தொடங்கியது. குழாய் பதிக்கும் கைத்திறனும் தெருவைத் தோண்டும் உரிமமும் அந்நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்தன. கலிபோர்னியா 2024-இல் இயற்றிய சட்டம், ஒரு பகுதியின் உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் அங்கே எரிவாயுவுக்கு மாற்று வழங்கிக் குழாயை நிறுத்தும் முன்னோடித் திட்டங்களுக்கு இடமளிக்கிறது. ஒருவருக்கும் வாயுவை மறுக்கக் கூடாது என்ற பழைய கடமை தளர்ந்தாலன்றி, தெருவாக வெளியேறுவது நடக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டு எரிவாயு நெறிமுறையும், தேவை குறையும் இடங்களில் குழாய்களை நிறுத்துவதற்கான திட்டத்தை விநியோக நிறுவனங்கள் முன்கூட்டியே வகுக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கு வெப்பத் திட்டம் வகுக்க 2026 நடுப்பகுதி வரையும், மற்ற ஊர்களுக்கு 2028 நடுப்பகுதி வரையும் சட்டம் காலம் வைத்தது. எந்தக் குழாய் எந்த ஆண்டில் மூடப்படும் என்பது தெரியாமல் 20 ஆண்டு ஆயுள் கொண்ட எரிவாயு எந்திரத்தை வாங்கும் கூட்டுறவு, வாயு நின்ற பிறகும் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும்.

#10 வெயிலோன்

அனைவருக்கும் நன்றி. என் அறிக்கையில் எரிவாயுவுக்கு இருந்த அந்த ஒரு வரியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில், எங்கள் இணைப்பு எந்த அழுத்தக் குறைப்பு நிலையத்தின் கீழ் வருகிறது, அந்தக் குழாயில் கடுங்குளிர் மணி நேரத்தின் உச்சத் தேவையும் கோடை இரவின் குறைந்தபட்சத் தேவையும் எவ்வளவு, குழாயை எந்த ஆண்டு வரை வைத்திருக்கப் போகிறார்கள் ஆகியவற்றை வலை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதாக எழுதியிருக்கிறேன். உச்சத் தேவையை மணிக்கணக்கில் தரும்படி கேட்டால் தருவார்களா, குழாய்வழி ஐயா?

#11 குழாய்வழி

ஒரு எண் தருவார்கள். ஆனால் அது பெரும்பாலும் அளந்த எண்ணாக இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தானாகச் செய்தி அனுப்பும் மீட்டர்கள் பரவாத இடங்களில் வீட்டு மீட்டர் மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறைதான் படிக்கப்படுகிறது. அந்த ஆண்டு அளவை, வீட்டின் வகையையும் வெளி வெப்பநிலையையும் வைத்து மணிகளாகப் பிரித்து நாங்கள் உச்சத்தைக் கணித்தோம். கொதிகலன் மட்டுமே இருந்த காலத்தில் அந்தக் கணிப்பு நன்றாகவே பொருந்தியது. பம்பும் கொதிகலனும் சேர்ந்திருக்கும் வீட்டில் ஆண்டு அளவு ஐந்தில் ஒன்றாகிவிட்டால், அதே சூத்திரம் உச்சத்தையும் ஐந்தில் ஒன்று என்று சொல்லிவிடும். கணக்காயன் மேலே காட்டிய 3 மெகாவாட் அந்தத் தாளில் 0.6 மெகாவாட்டாக அச்சாகியிருக்கும்.

ஆகவே எண்ணோடு நிற்காமல், குழாயின் கடைசி இணைப்பில் அழுத்தத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை ஒரு குளிர்காலம் முழுவதும் வைக்க அனுமதி கேளுங்கள். அதை எந்த வீட்டில் வைப்பது என்று அவர்கள் கேட்டால், குளிர் காலையில் அடுப்புச் சுடர் சிறுத்துப்போவதாக வழக்கமாக முறையிடும் வீட்டைக் கேட்டறிந்து சொல்லுங்கள். கணிப்பைவிட அந்த முறையீட்டுப் பதிவேடு பல சமயம் எங்களுக்குச் சரியாக வழிகாட்டியிருக்கிறது.